மூன்று விரல் அளவு

வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளப்பதற்கு எங்களிடம் தனியாகக் கருவி எதுவும் கிடையாது. அவரவர் விரல்தான் கருவி. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் விடச் சொல்ல வேண்டும். மூன்றும் போனால் வாய் சரியாக இருக்கிறது. இரண்டோடு நின்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரிய ஆளுக்குப் பெரிய வாய், பெரிய விரல். சின்ன ஆளுக்குச் சின்ன வாய், சின்ன விரல். அதனால் இந்த அளவு யாருக்கும் பொய்க்காது. இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த டாக்டர், தானே உட்கார்ந்து கண்டுபிடித்தவர் போலப் பெருமையாகச் சொன்னார்.

1991ஆம் வருஷம் எனக்கு அந்த வேலை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள ஊர்களில் வீடு வீடாகப் போக வேண்டும், கேள்விகள் கேட்க வேண்டும், டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்க வேண்டும். ஒரே ஏரித் தண்ணீரைக் குடித்து, ஒரே ரேஷன் அரிசியைத் தின்று, ஒரே வெயிலில் நிற்கிற ஜனங்களில், ஒரு பிரிவினருக்கு வாய்ப்புற்று அதிகமாகவும் இன்னொரு பிரிவினருக்குக் குறைவாகவும் வருவது ஏன் என்பதுதான் ஆராய்ச்சி. உள்ளூர்க்காரர்கள், தெற்கு ஜில்லாக்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் என்று மக்களைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

"ரத்தத்துல இருக்கா, பழக்கத்துல இருக்கா? அதான் கொஸ்டின்," என்றார் டாக்டர். "இருபது வருஷம் விடாம பாத்தாதான் பதில் தெரியும்."

இருபது வருஷம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அப்போது கல்யாணம்கூட நிச்சயமாகவில்லை. டாக்டர் தலை நரைத்தவர். இருபது வருஷக் கேள்வியை அவர் எந்தத் தைரியத்தில் எடுத்துக்கொண்டார் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அவ்வப்போது நினைப்பதுண்டு.

கேள்விகளில் பாதி வெற்றிலை பாக்கு புகையிலையைப் பற்றியவை. மீதிப் பாதி, நீங்கள் யார் என்பதைப் பற்றியவை. எங்கே பிறந்தீர்கள், பூர்வீகம் எது, வீட்டில் என்ன மொழி, என்ன சாதி, என்ன மதம், அப்பா வழி என்ன, அம்மா வழி என்ன. வெற்றிலைக் கேள்விகளுக்கு ஜனங்கள் சந்தோஷமாகப் பதில் சொன்னார்கள். இரண்டாவது பாதிக்கு வந்தால், பதில் சொல்வதற்கு முன்னால் என்னைக் கேட்பார்கள். "நீ இன்னா ஆளுங்கம்மா?" சொல்லக் கூடாது என்பது விதி. நான், "உங்கள மாதிரிதாங்க" என்பேன். "எங்கள மாதிரின்னா எந்த மாதிரி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்கு விதியில் பதில் இல்லை.

சில வீடுகளில் அப்பா பக்கம் இந்து, அம்மா பக்கம் கிறிஸ்தவம். வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு விளக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச். இரண்டில் எதை எழுதட்டும் என்று கேட்டால், "ரெண்டும்தான், இன்னா இப்ப?" என்பார்கள். எழுத எங்களுக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. கட்டம் போட்டவர் இந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு எதையாவது ஒன்றை எழுதுவேன்.

இன்னொரு விதியும் உண்டு. வெற்றிலையை விடுங்கள், புகையிலையை விடுங்கள் என்று நாங்கள் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த தடவை போகும்போது விட்டுவிட்டேன் என்று பொய் சொல்வார்கள். பொய்யை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியாது. அறிவுரையெல்லாம் டாக்டர் முகாமில் சொல்லிக்கொள்வார். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் அறிவுரை சொல்லாத ஆள் நான் ஒருத்திதான். கேட்டுக்கொள், எழுதிக்கொள், எழுந்து போ என்பது என் சுபாவத்துக்குத் தைத்த சட்டை.

தை மாதத்தில் பிள்ளைப்பாக்கத்துக்கு வெளியே செங்கல் சூளைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வரிசை வீடுகளுக்குப் போனேன். அந்த வரிசையின் கடைசி வீட்டில் இருந்தவள்தான் நான் சொல்லப் போகிறவள். நாற்பது வயது இருக்கும். சூளையில் கல் அடுக்குகிற வேலை. வீட்டுக்காரர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் காண்டிராக்டில் லோடு ஏற்றி இறக்குகிறவர். பிள்ளைகள் இல்லை.

"வாங்க புள்ள, இருங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

தேத்தண்ணி என்ற சொல்லிலேயே எனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மீதியை அவளே சொன்னாள். நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்றாகக் கப்பலேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கும்போதே வயது வந்த பெண். வீட்டுக்காரரும் அந்தப் பக்கத்துக் குடும்பம்தான், ஆனால் சின்ன வயதிலேயே வந்துவிட்டதால் அவருக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு படிந்துவிட்டது. இவளுக்குப் படியவில்லை. படிய வேண்டும் என்று அவள் நினைத்ததாகவும் தெரியவில்லை. எங்கே பிறந்தீர்கள் என்ற ஒரு கேள்விக்கு அவள் சொன்ன பதில்தான் நான் அந்த வருஷம் கேட்ட பதில்களிலேயே நீளமானது. பனி இறங்கினால் முன்னால் நிற்கிற ஆள் தெரியாது என்றாள். குளிருக்காகச் சின்ன வயதிலேயே வெற்றிலையோடு புகையிலையும் கொடுத்துப் பழக்கிவிட்டார்களாம். ராத்திரி வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் தூங்குவாள்.

"இங்கதான் குளிர் கிடையாதேக்கா?" என்றேன்.

"குளிர் இல்லை. வாய்க்கு அது தெரியாது தானே," என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உயரமான, சத்தமாகப் பேசுகிற, உள்ளூர்ப் பெண். அவளும் சூளையில்தான் வேலை. "நர்சம்மா, இவ பேசறதக் கேட்டுக்கினே இருந்தா உனுக்கு இங்கயே பொழுது பூடும். எங்க சிலோன்காரிக்கு வாய் ஓயவே ஓயாது," என்றாள். நான் நர்ஸ் இல்லை. ஆனால் பையும் டார்ச்சும் வைத்திருக்கிற பெண்ணுக்கு அந்தப் பக்கத்தில் வேறு பெயர் கிடையாது. அந்த வரிசையில் எல்லோரும் இவளைச் சிலோன்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள்.

விரல் வைக்கச் சொன்னேன். இரண்டு விரல் சுலபமாகப் போயின. "மூணாவது ஏலாது புள்ள," என்று சிரித்தாள். முடியாது என்பதை அவள் ஏலாது என்றுதான் சொல்வாள். சிரித்து முடித்துக் கொஞ்சம் முயன்றதும் மூன்றாவது விரலும் போனது. வலது கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில், சுவரில் சுண்ணாம்பு தெறித்தது போல ஒரு வெள்ளைத் திட்டு. முகாமுக்கு வந்தபோது டாக்டர் அதைத் தடவிப் பார்த்தார். புகையிலையை விட்டே ஆக வேண்டும், ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், மாறினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். இவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "விட ஏலாது புள்ள," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். நான் விதிப்படி ஒன்றும் சொல்லவில்லை.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் வெடித்த குண்டைப் பற்றியும், வைத்தவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்பதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு முன்னால் வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால், எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அதற்குப் பின்னால் யாரும் கேட்கவில்லை. எங்கள் வேலை சில வாரங்கள் நின்றது. மறுபடி தொடங்கியபோது ஊர்கள் வேறு மாதிரி இருந்தன. நாங்கள் போவதற்கு முன்பே போலீஸ்காரர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்திருந்தார்கள். எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய், வீட்டில் என்ன பேச்சு, சொந்தக்காரர்கள் எங்கே என்றெல்லாம். அவர்களுடைய வேலை அது. எங்களுடையதும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான் என்பது, கதவு என் முகத்தில் சாத்தப்பட்ட போதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டரிடம் போய், பிறந்த ஊரைப் பற்றிய கேள்வியை இந்த ரவுண்டில் விட்டுவிடலாமா என்று கேட்டேன். 

"அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? வெறும் வெத்தலைக் கணக்குதான். இருக்கட்டும். கடைசியா கேளுங்க," என்றார்.

ஆவணியில் அந்த வரிசைக்கு மறுபடி போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனாள். வீட்டுக்காரர் வெளியே வந்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கி எழுந்த முகம். பாய் விரித்து உட்காரச் சொன்னார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையின் நுனி வாய்மேல் இருந்தது.

கடைசியாக, "அக்கா எங்கே பிறந்தாங்க?" என்று கேட்டேன்.

"திருச்சி பக்கம்," என்றார்.

அவள் பிறந்த இடம் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நான் திருச்சி என்று எழுதினேன். அவர் சொன்னதை எழுதுவதுதான் என் வேலை. எழுதி முடிக்கும் வரைக்கும் அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"ரேசன் கடைல ஒரு வார்த்த பேசிட்டாம்மா. மூட்டைய தூக்க ஏலாது, கொஞ்சம் தூக்கி வைங்கன்னு. கியூல கீற அத்தினி பேரும் திரும்பிப் பாத்துக்கிறாங்க. ஒருத்தன் எந்த ஊருன்றான், ஒருத்தன் எப்ப வந்தேன்றான். கும்பல் கூடிப்போச்சு. கடக்காரர் தெரிஞ்சவரு, அவருதான் அவுங்களாண்ட சொல்லி இவள வூட்டுக்கு அனுப்பிச்சாரு. நான்தான் சொன்னேன், வெளில நீ எதுவும் பேசாத, எதுனா வேணும்னா எங்கிட்ட சொல்லு, நான் பேசிக்கிறேன்னு. இப்ப வூட்லயே பேசறது இல்ல."

"சாப்பாடு?"

"கஞ்சிதான். சோறு எறங்கல. பயம்மா. ஆளே பாதியாப் பூட்டா பாரு."

அப்போது இன்னொரு செய்தியும் சொன்னார். புகையிலையை விட்டுவிட்டாளாம். அதையும் எழுதிக்கொண்டேன். டார்ச்சை எடுத்ததும் அவள் தலையை அசைத்தாள். வாய் மூடியே இருந்தது. பரிசோதனைக்கு மறுப்பு என்று எழுதினேன். அந்த ரவுண்டில் மறுப்பு என்பது புதிதல்ல, பாதி வீடுகளில் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளைத் திட்டு இருந்த அம்மாவா?" என்று கேட்டார் டாக்டர். "அவங்கள விடக் கூடாது. கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவ போங்க. பயம் கொறஞ்சிருக்கும்." வீட்டுக்காரர் பயம் என்றார். டாக்டரும் பயம் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வருஷம் எதற்கும் பொருந்துகிற பதிலாக அது இருந்தது. வெளியே சொல்ல முடியாத பேச்சு உள்ள ஒருத்தி பேசாமல் இருக்கிறாள். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

புரட்டாசியில் மறுபடியும் போனேன். வழியில் கைபம்பில் பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தானாகவே ஆரம்பித்தாள்.

"நர்சம்மா, அவளாண்ட போறியா? போய் இன்னான்னு கேளு. எனுக்கு ஒரே பேஜாரா கீது."

"பயந்துட்டாங்கன்னு வீட்டுக்காரர் சொன்னாரு."

"அந்தாளுக்கு இன்னா தெரியும்? நைட் ஷிப்ட்டு, ஓ.டி.ன்னு வூட்ல எங்க கீறாரு? ரேசன் கடைல அப்டி ஆனப்புறம் பயந்தா, இல்லன்னு சொல்லல. அதுக்குத்தான் நான் சொல்லிக் குடுத்தேன். ஏலாதுன்னு சொல்லாத, முடிலன்னு சொல்லு. தேத்தண்ணி இல்ல, டீ. இன்னான்னு சொல்லு, கீதுன்னு சொல்லு. சூளைல கல்லு அடுக்கிக்கினே சொல்லித் தருவேன். சிரிச்சிக்கினே கத்துக்கினா. ஆடி மாசம் கூழு ஊத்தறப்ப எங்க மாமியார்கிட்ட அவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தாம்மா. அந்தம்மா குன்றத்தூர்லேர்ந்து வந்தவங்க. இவள நம்மூரு பொண்ணுன்னே நெனச்சிக்கினாங்க." குடம் நிறைந்து தண்ணீர் வழிந்தது. அவள் பம்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்புறம்தான் கம்முனு ஆயிட்டா. சோறும் இல்ல, பொகயிலயும் இல்ல. பேசவே தெரியாதப்ப பேசிக்கினு இருந்தவ, நல்லா கத்துக்கினப்புறம் எதுக்குப் பேசாம பூடணும்?"

 நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரேஷன் கடைச் சம்பவம் முதலில். அதற்குப் பிறகு இவள் கற்றுக்கொண்டாள், பேசினாள், தேறினாள். மௌனம் அதற்கும் பிறகு வந்தது. சோறு நின்றதும் அப்போதுதான். புகையிலை நின்றதும் அப்போதுதான். குளிர் இல்லை என்று தெரிந்தும் விட முடியாத புகையிலையை ஒருத்தி பயத்தில் விடுவாளா? பயந்தால் இரண்டு மடங்கு அல்லவா போடுவாள்?

"நீங்களும் வாங்கக்கா," என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பையைத் திறக்கவில்லை. கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, என் மூன்று விரல்களையும் என் வாயில் விட்டுக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரியும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அதேபோல் செய்தாள். இரண்டு பெண்கள் வாயில் விரலை வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எதிர் வீட்டில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு ஆள்காட்டி விரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். அது உள்ளே போனது. நடுவிரலைச் சேர்த்தபோது பல்லில் இடித்து நின்றது. விரலைத் திருப்பி வைத்து அழுத்தினாள். நகம் உதட்டில் கீறியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏலாது," என்றாள்.

இத்தனை மாதமாக அவள் ஒதுக்கி வைத்திருந்த சொல். பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது.

"பேசப் பயமா இருக்காக்கா?"

"பயமில்லை புள்ள. தொறக்க ஏலாது. ஆடி முடியக்குள்ளயே இறுகிட்டுது."

டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த இடைவெளியில் எதுவும் தெரியவில்லை. நாற்றம் மட்டும் வந்தது. அந்த நாற்றம் என்னவென்று அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

"எதுக்குடி சொல்லல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவாங்க. ஆஸ்பத்திரில மொதல்ல எந்த ஊருன்னுதானே கேப்பாங்க. அவருக்கு கரச்சல். கம்பெனில தெரிஞ்சா வேலைக்கு வராதன்னுடுவாங்க." நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. "பேசாம இருந்தா ஒருத்தரும் ஒன்னும் கேக்கல. பயம்னு விட்டுட்டாங்க. எனக்கும் அது லேசாப் போச்சு."

வாய் மூடிக்கொண்டு வருவது அவளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதற்கு ஒரு காரணத்தை ஏற்கனவே வைத்திருந்தோம். அவள் அந்தக் காரணத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. "நான் பயம்னு நெனச்சேன்," என்றார். அதையே இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவருக்கு ஷிப்ட் இருந்தது, போகவில்லை. கம்பெனி சூப்பர்வைசரிடம் சொல்லி அனுப்பக்கூட இல்லை.

நான் டாக்டருக்குச் சொல்லி ஏற்பாடு செய்து, மறுநாள் அவர்களோடு சென்னைக்குப் போனேன். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய வரிசை. எங்கள் முறை வந்தபோது அவள் வீட்டுக்காரரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். கவுண்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "எந்த ஊரு?" என்றார்.

"பிள்ளைப்பாக்கம்."

"வயசு?"

அவ்வளவுதான். பிறந்த ஊரை அங்கே யாரும் கேட்கவே இல்லை. உடம்பு இப்போது எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்த வருஷம் அவள் எங்கே பிறந்தாள் என்று கேட்டவர்கள், போலீஸ்காரர்களையும் கியூவில் நின்றவர்களையும் விட்டால், நாங்கள்தான். அந்தக் கவுண்ட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதை நான் யோசித்தேன். யோசிப்பதற்கு அங்கே நிறைய நேரம் இருந்தது.

சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், தாடையை அசைக்கிற தசைக்குள் இறங்கியிருந்தது. அறுத்து எடுக்க முடியும், ஆனால் வலது தாடையில் ஒரு பகுதியும் கன்னத்தின் உட்புறமும் போய்விடும் என்றார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் அதுவும் முடியாது. எங்கள் டாக்டரிடம் இதைச் சொன்னபோது, "இலங்கைல பிறந்தவங்க குரூப்ல இதான் முதல் கேஸ்," என்றார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. சத்தியமாக வந்தது, நான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து எறிந்திருப்பேன். ஆனால் அடுத்த நிமிஷமே அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.  இரண்டும் ஒரே மனுஷரிடம் இருந்தன. அந்த மாதிரி வேலை செய்கிறவர்களிடம் இரண்டும் இருக்கும் போலிருக்கிறது.

"ரெண்டாவது ரவுண்ட்ல திருச்சின்னு இருக்கே, எது கரெக்ட்?" என்று பிறகு கேட்டார்.

"முதல்ல சொன்னதுதான் சார்."

"அடுத்த ரவுண்ட்ல அவங்க வாயாலயே கேட்டு எழுதிடுங்க."

ரத்தமா, பழக்கமா என்ற கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று இப்போதும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். நான் அங்கே இருந்தது சில வருஷங்கள்தான். பின்னால் விசாரித்ததில், இலங்கையில் பிறந்தவர்கள் தனியாக ஒரு முடிவு சொல்லும் அளவுக்குப் போதவில்லை என்று அவர்களை 'மற்றவர்கள்' என்ற பிரிவில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். முறைப்படி அது சரியான முடிவு. எனக்குத்தான் கேட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் மாசி மாதத்தில் அந்த வரிசைக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தின் வலது பக்கம் உள்வாங்கி, மோவாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். ஏதோ சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. "டீ சாப்பிடறியான்னு கேக்கறா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் உன்னிப்பாகக் கேட்டேன். அவள் கேட்டது தேத்தண்ணி. ஆனால் அந்த வாயிலிருந்து வந்தபோது தேத்தண்ணிக்கும் டீக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்தார். கேள்விகளைக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னாள். முக்கால்வாசி எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியும் வீட்டுக்காரரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். சளைக்காமல் பேசினாள். தை மாதத்தில் நான் முதலில் பார்த்தவள்தான் இவள்.

கடைசிக் கேள்வி வந்தது. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, தான் பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. எழுதி அவளிடம் வாசித்துக் காட்டினேன். அதேதான் என்று தலையாட்டினாள்.

பிறகு, என் பக்கமாகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்க வேண்டும் என்று பாடுபட்டுச் சொன்னாள்.

"இப்ப பஸ்ஸுல நல்லாப் பேசுறேன் புள்ள. ரேசன் கடையிலயும் பேசுறேன். எந்த ஊருக்காரின்னு ஒருத்தருக்கும் வெளங்காது தானே."

சொல்லிவிட்டு, முகத்தின் மிச்சமிருந்த பாதியால் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்தாள். வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார்.